பாலத்துக்கு அடியில் இறங்கிப் பார்

அன்புள்ள மகளுக்கு,

பாலங்களைச் சோதிக்கும் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னபோது உன் குரலில் லேசான வருத்தம் தெரிந்தது. புதுப் பாலம் கட்டத்தானே ஆசைப்பட்டாய்? ஆனால் முப்பது வருஷம் அதே வேலையைப் பார்த்த அப்பாவுக்கு, நீ சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறாய் என்று தோன்றுகிறது.

1967 டிசம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம், மாலை நேர நெரிசலில் வண்டிகளோடு ஆற்றில் விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். கேபிளுக்குப் பதிலாக இரும்புப் பட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தொங்கவிட்ட பாலம் அது. ஒரு கண்ணிக்கு இரண்டே பட்டை. அதில் ஒன்றின் துளை ஓரத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு விரிசல். ஒரு பட்டை அறுந்ததும் மொத்தமும் போய்விட்டது. கழற்றிப் பார்த்தாலொழிய கண்ணில் படாத இடம் அது. அதற்குப் பிறகுதான் அந்த நாட்டில் பாலங்களை முறையாகச் சோதிக்கச் சட்டம் வந்தது.

எந்தப் பாலத்துக்குப் போனாலும் சுமை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று முதலில் பார். உத்திரப் பாலம் வளையும்போது நடுவில் அடிப்பக்கம் இழுபடும். விரிசலை அங்கே தேடு. வளைவுப் பாலம் இரண்டு கரையையும் வெளியே தள்ளும். கரை அசையாத வரை அதற்குக் கவலையில்லை. பிரான்ஸில் சாந்து இல்லாமல் ரோமானியர்கள் அடுக்கிய போன் டு கார் என்ற பாலத்தின் வளைவுகள் ஏறக்குறைய 2000 வருஷமாக நிற்கின்றன. தொங்கு பாலத்தில் எல்லாம் கேபிளும் அதைப் பிடித்திருக்கும் நங்கூரமும்தான்.

அப்புறம், தூணின் தலையில் பாலத்தைத் தாங்கி, அது நகர இடம் கொடுக்கும் பேரிங்கைப் பார்க்காமல் திரும்பி வராதே. 100 மீட்டர் இரும்புப் பாலம் 30 டிகிரி சூடு ஏறினால் 36 மில்லிமீட்டர் நீளும். அந்த நீட்சிக்கு இடம் வேண்டும். ஒரு பாலத்தில் இணைப்பு இடைவெளி முழுக்க மண்ணும் சரளையும் இறுகிக் கிடந்தன. நான் ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்தி எடுத்தேன். கீழே இறங்கினால் பேரிங் துருவேறி இறுகியிருக்க, தூணின் தலையில் விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. நகர முடியாத பாலம் தூணைத் தள்ளியிருக்கிறது.

வெள்ளம் வடிந்தபின் ஆற்றைப் பார்த்து ஏமாந்துவிடாதே அம்மா. பெருக்கின்போது தூணைச் சுற்றி ஆழமாக மண் பறிந்திருக்கும். நீர் குறைந்ததும் வண்டல் வந்து அந்தக் குழியை மூடிவிடும். மேலே பார்த்தால் எல்லாம் பழையபடி இருக்கும். அந்த வண்டல் எதையும் தாங்காது. கம்பியை இறக்கி ஆழம் பார்.

என்னுடைய சின்னச் சுத்தியலை அனுப்புகிறேன். கான்கிரீட்டைத் தட்டிப் பார். நல்ல இடம் கணீரென்று கேட்கும். உள்ளே பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். இரண்டு சத்தத்தையும் காது பிடித்துக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகும். உன் முதல் பாலம் எந்த வகை என்று எழுது.

அன்புடன்,
அப்பா