நிறுவல் வழிகாட்டி எழுதும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் வழிகாட்டியின் புதிய பதிப்பிலும், டேட்டாபேஸ் பேக்கப் ஸ்கிரிப்ட்டுக்கு அதே வரிதான்: "கடவுச்சொல்லை பாஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள், ஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்ளும்." எடுத்துக்கொள்ளாது. பாஷ்ஆர்சி என்பது டெர்மினலில் பாஷ் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) திறக்கும்போது படிக்கும் கோப்பு; எக்ஸ்போர்ட் என்பது ஒரு மாறியின் மதிப்பை, ஷெல் தொடங்கும் நிரல்களுக்கும் கொடுப்பது. இந்தப் புகார் உங்களுக்குப் புதிதல்ல.

டெர்மினலில் ஓட்டினால் ஓடும். ஆபத்தே அதில்தான். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் பாஷ்ஆர்சியை யாரும் படிப்பதில்லை. ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே அதைச் சோர்ஸ் செய்தாலும் (படித்து ஓட்டச் சொன்னாலும்), உபுண்டு, டெபியன் இரண்டிலும் அந்தக் கோப்பின் தொடக்கத்திலேயே 'இன்டராக்டிவ் ஷெல் (ஆள் தட்டச்சு செய்யும் ஷெல்) இல்லையென்றால் திரும்பு' என்ற நிபந்தனை நிற்கிறது. கடைசி வரிவரை ஷெல் போவதே இல்லை. கடவுச்சொல் மாறி காலியாக இருக்க, டேட்டாபேஸ் டம்ப் (தரவை வெளியே எடுக்கும் வேலை) தோற்கும். பைப்பின் (ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் தொடர்) கடைசியில் நிற்கும், சுருக்கும் நிரலான ஜிஸிப் மட்டும் வெற்றி என்று சொல்லும். பிழைச் செய்தியை, எதைப் போட்டாலும் மறைந்துபோகும் டெவ்நல்லுக்குத் திருப்பச் சொன்னதும் நீங்கள்தான். மிஞ்சுவது உள்ளே எதுவுமில்லாத 20 பைட் பேக்கப். ரெஸ்டோர் செய்ய வேண்டிய நாளில்தான் அது தெரியவரும்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: மாறிகளைத் தனிக் கோப்பில் வைத்து, ஸ்கிரிப்டே அதைப் படிக்கும்படி எழுதுங்கள். முதலில் செட் -ஏ (இனி வரும் மாறிகளையெல்லாம் எக்ஸ்போர்ட் செய்யச் சொல்வது), அடுத்து ஒற்றைப் புள்ளியும் கோப்பின் முழுப் பாதையும், பிறகு செட் +ஏ (அதை நிறுத்தச் சொல்வது). மூன்றே வரி. செட் -ஏ விடுபட்டால் மதிப்புகள் ஸ்கிரிப்ட்டோடு நின்றுவிடும், அது அழைக்கும் நிரல்களுக்குப் போய்ச் சேராது. பாஷைவிட எளிய ஷெல்லான டேஷுக்குச் சோர்ஸ் கட்டளை தெரியாது என்பதால்தான் புள்ளி. கோப்புக்கு 600 அனுமதி (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) போதும். விண்டோஸில் சேமித்த கோப்பென்றால், கடவுச்சொல்லின் வாலில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தொன்று ஒட்டியிருக்கும், அதையும் எச்சரியுங்கள்.

"ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் புது மதிப்பைத் தானாக அறியும்" என்ற பத்தியை நீக்கிவிடுங்கள். சூழல் மாறிகளின் (எக்ஸ்போர்ட் செய்தவற்றின்) நகல் ஒரு ப்ராசஸுக்கு, அதாவது ஓடும் நிரலுக்கு, தொடங்கும்போதே கொடுக்கப்படுகிறது. பிறகு இன்னொரு ஷெல்லில் என்ன எக்ஸ்போர்ட் செய்தாலும் அதைத் தொடாது. மறுபடி தொடங்க வேண்டும். அல்லது ஹப் சிக்னலுக்கு (ப்ராசஸுக்கு அனுப்பும் ஓர் அறிவிப்பு) டிராப் (அது வந்ததும் ஓட வேண்டிய கட்டளை) வைத்து, கோப்பை மீண்டும் படிக்கச் செய்ய வேண்டும். அப்போதும் ஸ்லீப் 600 (600 நொடி காத்திருக்கும் கட்டளை) ஓடிக்கொண்டிருந்தால், அது முடிந்த பிறகே டிராப் வேலை செய்யும்.

எழுதியவரின் டெர்மினலில் ஒருமுறை ஓடியதையே சோதனை என்று கொள்ளும் பழக்கம் எத்தனை வழிகாட்டிகளில்! என்வ் கட்டளைக்கு '-i' கொடுத்து, எந்தச் சூழல் மாறியும் இல்லாத வெறுஞ்சூழலில் ஓட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா?

தயவுசெய்து, அடுத்த பதிப்புவரை காத்திராமல் அந்த வரியை எடுத்துவிட்டு, ஸ்கிரிப்டே கோப்பைப் படிக்கும் முறையைச் சேர்த்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
சர்வர்களைப் பராமரிப்போர்