பிஎஸ்ஏ பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொடர்ச்சியாக நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆய்வக நுட்புநர்கள் மற்றும் செவிலியர்கள்,
அந்தியூர், சத்தியமங்கலம், தாளவாடி வட்டங்கள்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஈரோடு மாவட்டம்.

பொருள்: 55 முதல் 69 வயது வரையுள்ள ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்ஏ (புரோஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம்) இரத்தப் பரிசோதனை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 30 வயது கடந்தோருக்கான தொற்றா நோய்ப் பரிசோதனையில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்கள் பார்க்கப்படுகின்றன. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பியின் புற்றுநோய் அதில் இல்லை. தொடக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. சிறுநீர் அடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் இருக்கிறார்கள். அந்த அடைப்பு பெரும்பாலும் வயதால் வரும் சாதாரண வீக்கம்தான். தறிக்காரர் இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்க, நோய் எலும்புக்குப் போயிருப்பதும் உண்டு. ஐரோப்பாவில் 1993-இல் தொடங்கிய பெரிய ஆய்வில், 23 ஆண்டுக் கண்காணிப்பில், பிஎஸ்ஏ பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்நோயால் நேர்ந்த சாவு 13 சதவீதம் குறைந்தது.

ஆனால் ஒருநாள் முகாம் போட்டு இரத்தம் எடுத்துச் சீட்டுக் கொடுத்து அனுப்புவதை நாங்கள் கேட்கவில்லை. அது வீண் பயத்தைத்தான் கிளப்பும். பிஎஸ்ஏ அளவு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமைத் தாண்டிய பலருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. சிறுநீர்த் தொற்று, அண்மையில் போட்ட சிறுநீர்க்குழாய், முந்தைய இரண்டு நாளில் உடலுறவு அல்லது நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் எல்லாமே அளவை ஏற்றிவிடும். தொற்று இருந்தால் ஆறு வாரம் கழித்தே எடுக்க வேண்டும். அடைப்புக்கு ஃபினாஸ்டெரைடு, டுடாஸ்டெரைடு மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுபவருக்கோ அளவு ஏறத்தாழ பாதியாகக் குறையும். 3 என்று வந்தால் 6 என்றே கொள்ள வேண்டும். எனவே இரத்தம் எடுக்குமுன் இவற்றைக் கேட்டுக் குறிக்க ஒரு பக்கப் படிவம் வேண்டும். உடலுறவு பற்றிய கேள்வியை வரிசையில் நிற்கவைத்துக் கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். மறைவான இடத்தில் ஆண் பணியாளர் கேட்கட்டும்.

எடுத்த இரத்தத்தை அரை மணி நேரம் உறையவிட்டு, அங்கேயே சுழற்றிச் சீரத்தை (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) பிரித்து, 2 முதல் 8 டிகிரிக் குளிரில் அனுப்ப வேண்டும். தாளவாடியிலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு முன் கடக்க வேண்டியிருப்பதால், அங்கு காலை 10 மணிக்குள் இரத்தம் எடுத்து முடிப்பது அவசியம்.

ஒரு முறை பார்த்த எண்ணைவிட அது ஏறும் போக்கே முக்கியம். 0.9 இருந்தவருக்கு இரண்டு ஆண்டில் 2.8 ஆனால், 4-க்குக் கீழ்தானே என்று விட்டுவிடக் கூடாது. அதற்குப் பழைய அளவு கையில் இருக்க வேண்டும். ஆகவே தனிப் பதிவேடும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அழைப்பும் கோருகிறோம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்நோய் இருந்தால் 45 வயதிலிருந்தே அழைக்கலாம். 70 கடந்தவர்களுக்கு வழக்கமாகச் செய்ய வேண்டாம். மெதுவாக வளரும் கட்டியைத் தோண்டி எடுத்து, சிறுநீர் கசிவும் ஆண்மைக் குறைவும் தருவதே மிஞ்சும். மற்றவர்களுக்கும் இந்த நன்மை தீமைகளை மருத்துவர் விளக்கி, அவர்கள் சம்மதித்த பின்பே எடுக்க வேண்டும்.

அளவு கூடினால் சில வாரம் கழித்து மறுபரிசோதனை, அப்போதும் கூடியிருந்தால் எம்ஆர்ஐ, அதில் சந்தேகம் இருந்தால் திசுப் பரிசோதனை. பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கென வாரம் ஒரு நாளை ஒதுக்கவும், பரிந்துரைச் சீட்டோடு வருபவரை நேரே சிறுநீரியல் (யூராலஜி) பிரிவுக்கு அனுப்பவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்