பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகளையும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் ஆண்டின் எந்நாளிலும் மாற்றுக் கல்வி மையங்களில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர்கள்,
பென்னாகரம் வட்டம்,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தருமபுரி.

பொருள்: ஒரு பள்ளியின் பதிவேட்டில் பிள்ளையின் பெயரை நீக்கும் முன் சிறப்புப் பயிற்சி மையத்திலோ வேறு பள்ளியிலோ இடம் உறுதி செய்ய ஆணையிட வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊரில் பள்ளி வயதில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் இன்று எந்த வகுப்பறையிலும் இல்லை. ஒருவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். மற்றவள் மூளை முடக்குவாதம் உள்ள பத்து வயதுச் சிறுமி. இருவருக்குமே சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பள்ளியில் பெயர் அடிக்கப்படும் நாளுக்கும் மாற்று மையத்தில் பெயர் ஏறும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று நாங்கள் கேட்டு அலைந்தும் இதுவரை விடை கிடைக்கவில்லை.

அந்தச் சிறுவனின் தந்தை பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். காலாண்டு விடுமுறையில் தாயும் மகனும் அங்கே போனவர்கள், தந்தைக்குக் காலில் அடிபட்டதால் ஒன்றரை மாதம் தங்க நேர்ந்தது. திரும்பி வந்த வாரத்திலேயே வகுப்பில் கைகலப்பு ஏற்பட்டு, ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தது. அவன் செய்தது தவறுதான். அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் மறுநாள் தாயை வரவழைத்து, 'இவனை வைத்துக்கொண்டு மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த முடியாது, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த மாற்றுச் சான்றிதழில் பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்ற இடத்தில் 'பெற்றோரின் விருப்பம்' என்று எழுதப்பட்டிருக்கிறது. அதற்காகப் பெற்ற விண்ணப்பத்தில் இருப்பதோ எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாயின் இடது பெருவிரல் ரேகை. விருப்பம் யாருடையது என்பதைத் தங்கள் முடிவுக்கே விடுகிறோம்.

அதன்பின் அவனை, படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சி மையத்தில் சேர்க்கக் கேட்டபோது, இடைநின்றோர் பட்டியலில் அவன் பெயர் இல்லை என்றார்கள். எப்படி இருக்கும்? கோடையில் கணக்கெடுக்க வந்தபோது அவன் பள்ளி மாணவன். இப்போது மாணவனும் இல்லை, இடைநின்றவனும் இல்லை. எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் தகவல் தளத்தில், பள்ளியை விட்டு நீங்கியவர்களின் பொதுத் தொகுப்பில் ஓர் எண்ணாக மட்டும் இருக்கிறான். சந்தை நாட்களில் தக்காளிக் கூடை இறக்கப் போகிறான் என்று கேள்விப்படுகிறோம்.

2009ஆம் ஆண்டின் இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 16ஆம் பிரிவில் சொல்கிறது. கட்டாயத் தேர்ச்சி குறித்து 2019இல் அப்பிரிவு திருத்தப்பட்டபோதும் இந்தத் தடை அப்படியே இருக்கிறது. படிப்பை விட்டவர்களை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களுக்குச் சமமாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது 4ஆம் பிரிவு. பதினான்கு வயது கடந்தாலும் தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை அந்த உரிமை உண்டு. அப்பயிற்சி குறைந்தது மூன்று மாதம், அதிக அளவு இரண்டு ஆண்டு என்று 2010ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகள் வரையறுக்கின்றன. சேர்க்கைக் காலம் முடிந்த பின் வந்தாலும் மறுக்கக் கூடாது என்று 15ஆம் பிரிவு கூறுவதால், 'அடுத்த ஜூனில் வாருங்கள்' என்ற பதில் சட்டத்துக்குப் பொருந்தாது.

எங்கள் மாவட்டத்தில் முன்பு தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின்கீழ்த் தனிப் பயிற்சி மையங்கள் நடந்தன. வேலைக்குப் போய்த் திரும்பிய பிள்ளையை எந்த மாதத்திலும் அங்கே கூட்டிப்போய் விட முடிந்தது என்று ஊரில் மூத்தவர்கள் சொல்வார்கள். 2021-22இல் அத்திட்டம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. இணைத்ததில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. நடு ஆண்டில் வரும் பிள்ளைக்கான வழி அதில் அடைபட்டுவிடக் கூடாது என்பதே எங்கள் கவலை.

சிறுமியின் நிலை வேறு. அவள் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் 'வீட்டுவழிக் கல்வி' என்ற குறிப்போடு. சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கு வந்து அக்கறையாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. துணிப் பட்டையால் விரலோடு கட்டிய தடித்த கிரையானைக் கொண்டு உயிரெழுத்து முழுவதையும் அவள் இப்போது எழுதுகிறாள். அதில் 'ஔ' மட்டும் சிலேட்டின் விளிம்பைத் தாண்டிப் போய்விடும். மதிய உணவு மணி வீடுவரை கேட்கும்போதெல்லாம், தான் எப்போது போவது என்று தாயிடம் கேட்கிறாள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார்ப்படுத்தும் வட்டார அளவிலான பள்ளி ஆயத்தப் பயிற்சி மையத்தில் சேர்க்கத் தாய் வேண்டியதற்கு, 'கொஞ்சம் நடக்கட்டும், பிறகு பார்க்கலாம்' என்றார்களாம். நடந்தால்தான் சேர்க்கலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. கடுமையான குறைபாடுள்ள பிள்ளை வீட்டிலிருந்தே கற்கலாம் என்பதும் 2012இல் கல்வி உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட உரிமைதான். அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியது பிள்ளையும் பெற்றோரும், அலுவலகம் அல்ல. இந்தத் தாய் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நகரப் பேருந்தின் படியேறுவது அவரால் இயலாததால், போக்குவரத்து உதவித்தொகையும் துணைக்குச் செல்பவருக்கான வழித்துணை உதவித்தொகையும் மாதம் தவறாமல் கிடைத்தால் ஆட்டோ வைத்தாவது கூட்டிப்போவேன் என்கிறார்.

ஆகவே, எட்டாம் வகுப்பு வரை படிக்கும் எந்தப் பிள்ளைக்கும், அடுத்துச் சேரும் பள்ளி அல்லது மையத்தின் ஒப்புதல் வராமல் பெயர் நீக்கக் கூடாது என்றும், 'பெற்றோரின் விருப்பம்' என்று காரணம் காட்டப்பட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் ஒருவர் முன்னிலையில் அது வாசித்துக் காட்டப்பட வேண்டும் என்றும் முதன்மைக் கல்வி அலுவலர் வழியாக ஆணையிடுமாறு வேண்டுகிறோம். இதற்காக, வேறு பள்ளியில் சேர விரும்பும் பெற்றோருக்கு மாற்றுச் சான்றிதழ் தருவதைத் தாமதப்படுத்தும்படி நாங்கள் கேட்கவில்லை. கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும், பெற்றோரோ குழுவோ எழுதிக்கொடுத்த பதினைந்து நாளுக்குள் வட்டார வள மையம் பிள்ளையை நேரில் பார்த்துச் சேர்க்கையை முடிவு செய்ய வேண்டும்; மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வீட்டுவழிக் கல்வியில் உள்ள பிள்ளைகளைப் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதலோடு ஆண்டுக்கு ஒருமுறையேனும் மறுபரிசீலனை செய்யவும், அவ்வேளையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலிருந்தும் ஒருவர் உடனிருக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். மேற்சொன்ன இருவரின் சேர்க்கையையும் அரையாண்டுத் தேர்வுக்கு முன் முடித்துத்தர வேண்டுகிறோம்.

இதற்கு முன் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒருமுறை மனு அளித்தோம். 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. எங்கே அனுப்பப்பட்டதோ, அங்கிருந்து எங்களிடமே விளக்கம் கேட்டார்கள். ஆகையால் இம்முறை எங்களையும் அந்தத் தாய்மார் இருவரையும் வட்டாரக் கல்வி அலுவலரோடு ஒரே நேரத்தில் அழைத்து விசாரிக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம்.

இணைப்பு: சிறுவனின் மாற்றுச் சான்றிதழ் நகல், சிறுமியின் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை நகல், முந்தைய மனுவின் ஒப்புகைச் சீட்டு நகல், குழுத் தீர்மானத்தின் நகல்.

இடம்: பென்னாகரம்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர்கள்