பேக்கப்பை மெதுவாக ஓட்டினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பற்றிய செய்திகள் பெரும்பாலும் “தினமும் பேக்கப் எடுங்கள்” என்ற அறிவுரையோடு முடிகின்றன. ஆஸ்பத்திரி, கூட்டுறவுச் சங்கம், கல்லூரி என்று ஒரே சர்வரில் எல்லா வேலையும் ஓடும் இடங்களில் சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. பேக்கப் ஓடும்போது பில் கவுன்ட்டரில் திரை நகராது. புகார் வந்ததும் பேக்கப்பின் வேகத்தைக் குறைப்பார்கள். அது விடிந்த பிறகும் முடியாமல் இழுக்கும். கடைசியில் யாராவது நிறுத்திவிடுவார்கள். மறுபடி ஓடுகிறதா என்று பார்க்க ஆள் இருக்காது.

வேகத்தைக் குறைக்குமுன் கணக்குப் போட வேண்டும். 2 டெராபைட் தரவை 1 ஜிகாபிட் நெட்வொர்க்கில் அனுப்பினால், நடைமுறையில் நொடிக்கு 110 மெகாபைட் அளவில் போகும். முடிய 5 மணி நேரம் ஆகும். 40 மெகாபைட்டாகக் கட்டுப்படுத்தினால் அதுவே 14 மணி நேரம். இரவு 10 முதல் காலை 6 வரைதான் அவகாசம் என்றால் 70 மெகாபைட்டுக்குக் கீழே போகவே முடியாது. அந்த வேகத்தை சர்வர் தாங்கவில்லையா? அப்போது மாற்ற வேண்டியது வேகத்தை அல்ல, பேக்கப் எடுக்கும் முறையை.

எது திணறுகிறது என்று முதலில் பாருங்கள். பழைய 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் வரிசையாகப் படிக்கும்போது நொடிக்கு 150 மெகாபைட்டுக்கு மேல் தரும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கச் சொன்னால் நொடிக்குச் சுமார் 100 கோரிக்கைகளோடு நின்றுவிடும். பேக்கப்பும் பில்லிங்கும் ஒரே டிஸ்க்கில் மோதினால் இரண்டுமே படுத்துவிடும். லினக்ஸில் ஐயோஸ்டாட் என்ற கட்டளை காட்டும் டிஸ்க்கின் காத்திருப்பு நேரத்தைப் பேக்கப் ஓடும்போதும் ஓடாதபோதும் ஒப்பிட்டாலே விஷயம் தெரியும். டிஸ்க் சும்மா இருந்து சிபியு நிரம்பி வழிந்தால் குற்றவாளி கம்ப்ரஷன், அதாவது தரவைச் சுருக்கும் வேலை. ஜிஜிப் என்ற சுருக்கும் முறையை விட்டு, சிபியுவை அவ்வளவு வேலை வாங்காத இசட்எஸ்டிடி முறையின் தாழ்ந்த நிலைக்கு மாறலாம். “ஐயோநைஸ் போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை” என்பார்கள். ஒரு வேலைக்கு டிஸ்க்கில் முன்னுரிமையைக் குறைக்கும் கட்டளை அது. டிஸ்க் சும்மா இருக்கும்போது மட்டும் ஓடச் சொல்லும் அதன் ஐடில் வகை, டிஸ்க் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் பிஎஃப்க்யூ போன்ற ஷெட்யூலர் இருந்தால்தான் பலிக்கும். என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்குகளில் பெரும்பாலும் ஷெட்யூலரே இருக்காது.

பலரும் கவனிக்காத விஷயம், மெதுவான பேக்கப்பும் சர்வருக்குச் சுமைதான் என்பது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் டம்ப் (தரவு முழுவதையும் கோப்பாக எழுதும் நகல்) எடுத்தால், அது தொடங்கிய நொடியில் தரவு எப்படி இருந்ததோ அந்த நிலையை முடியும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும். டம்ப் தொடங்கிய பிறகு மாறியும் அழிந்தும் செத்துப்போன பழைய வரிகளை, வேக்யூம் என்ற துப்புரவு வேலையால் அகற்ற முடியாது. நாள் முழுக்க நீளும் டம்ப், அடிக்கடி மாறும் டேபிள்களை ஊத வைத்துவிடும். லினக்ஸின் எல்விஎம் வசதியில் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நொடி நிலை) எடுத்துப் படிப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து: பேக்கப் நீள நீள, மாறிய பிளாக்குகள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்) ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடத்தை நிரப்பும். இடம் தீர்ந்தால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும், அதுவரை படித்ததும் வீண்.

ஒரே சர்வருக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது மென்பொருள் கணினிகளை, ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸில் அவற்றுக்கு எடுக்கும் பேக்கப்பில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இன்னும் பேக்கப் ஆகாத பிளாக் ஒன்றில் மெஷின் எழுத வந்தால், பழைய பிளாக் பேக்கப் சர்வருக்குப் போய்ச் சேரும்வரை அந்த எழுத்து காத்திருக்க வேண்டும். பேக்கப் சர்வரோ நடுவிலுள்ள லைனோ மெதுவாக இருந்தால் பில் போடுவதும் மெதுவாகும். இதற்காகவே 2024-இல் வந்த 8.2 பதிப்பில் ஃப்ளீசிங் என்ற வசதியைச் சேர்த்தார்கள்; பழைய பிளாக் உள்ளூர் டிஸ்க்கில் தற்காலிகமாகத் தங்கும், மெஷின் காத்திருக்காது. அதை வேகமான எஸ்எஸ்டியில் வையுங்கள். இன்னொன்று: எந்த பிளாக் மாறியது என்று குறித்து வைக்கும் பிட்மேப், மெஷினை அணைத்தால் போய்விடும். தினமும் மாலையில் மெஷினை அணைத்துப் போடும் அலுவலகத்தில், மாறியது கொஞ்சமே என்றாலும் ஒவ்வொரு இரவும் முழு டிஸ்க்கையும் படித்தாக வேண்டியிருக்கும்.

ரெப்ளிகாவிலிருந்து, அதாவது பிரதான டேட்டாபேஸின் மாற்றங்களைத் தொடர்ந்து வாங்கிக்கொள்ளும் நகல் சர்வரிலிருந்து, டம்ப் எடுப்பது நல்ல வழி. அங்கும் ஒரு கண்ணி இருக்கிறது. பிரதான சர்வரிலிருந்து வரும் மாற்றம் ரெப்ளிகாவில் ஓடும் டம்ப்போடு மோதினால், இயல்பான அமைப்புப்படி 30 நொடி காத்திருந்துவிட்டு அந்த டம்ப்பை ரத்து செய்துவிடும். அதைத் தவிர்க்க, ரெப்ளிகாவுக்கு இன்னும் தேவைப்படும் வரிகளைப் பிரதான சர்வருக்குச் சொல்லும் ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக் அமைப்பைப் போட்டால், டேபிள் ஊதும் தொல்லை பிரதான சர்வருக்கே திரும்பும். அந்த 30 நொடியை ரெப்ளிகாவில் மட்டும் உயர்த்துவதே எங்கள் தேர்வு. ரெப்ளிகா சில மணி நேரம் பின்தங்கினால் பரவாயில்லை.

எடுக்கும் வேகத்தைப் பார்ப்பவர்கள் திருப்பிப் போடும் வேகத்தை மறந்துவிடுகிறார்கள். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமிக்கும் தளத்தை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் பிரதான டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தது. டம்ப் எடுக்கும் கருவியின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாததால் அவர்களுடைய டம்ப் ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. கைவசம் இருந்தது 6 மணி நேரம் பழைய ஸ்னாப்ஷாட் ஒன்று. அது இருந்த டிஸ்க் மெதுவானது என்பதால் நகலெடுக்கவே ஏறக்குறைய 18 மணி நேரம் ஆனது.

அரசு அலுவலகங்களும் சங்கங்களும் பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது “தினசரி பேக்கப்” என்ற ஒற்றை வரியோடு விடக் கூடாது. பேக்கப் தொடங்கும் நேரம், முடிய வேண்டிய நேரம், அது ஓடும்போது டிஸ்க்கின் காத்திருப்பு எத்தனை மில்லிநொடியைத் தாண்டக் கூடாது, 3 மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் திருப்பிப் போட்டுக் காட்டி அதற்கான நேரத்தை எழுதித் தருவது ஆகிய நான்கையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியாளர்கள்,
கோயம்புத்தூர்.