பல்லைப் பார்க்கும் வயது 7. கிளிப் போடும் வயது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில், 8 வயதுப் பிள்ளைக்குப் பல் கோணலாக முளைக்கிறது, எப்போது கிளிப் போடலாம் என்று திருப்பூர் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். பால்பல் எல்லாம் விழட்டும், 12 வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்திருந்தது. கிளிப் போடுவதற்கு அந்த வயது பெரும்பாலும் சரிதான். ஆனால் மருத்துவரிடம் முதலில் காட்டுவதற்கு அது 5 வருடம் தாமதம். அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் 7 வயதுக்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று சொல்கிறது. அந்த வயதில் பார்க்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது. செய்ய வேண்டிய சிலரைக் கண்டுபிடிக்கத்தான் பார்க்கிறோம்.

ஏன் 7? அதற்குள் நிரந்தர முன்பற்கள் சிலவும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பற்களும் பெரும்பாலும் முளைத்திருக்கும். மேல்தாடையும் கீழ்தாடையும் எப்படிப் பொருந்துகின்றன என்று அப்போதே தெரிந்துவிடும். இந்தக் கடைவாய்ப்பல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 6 வயதில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே இது முளைக்கும். பல் விழாததால், புதுப்பல் வந்ததே பெற்றோருக்குத் தெரிவதில்லை. அதில் கருப்பு விழுந்தால், "பால்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். இது போனால் வேறு பல் முளைக்காது.

அதற்கு முன்னால் இருக்கும் பால் கடைவாய்ப்பல்லும் சும்மா இருப்பதல்ல. அது சொத்தையாகி 7 வயதில் பிடுங்கப்பட்டால், அங்கே வர வேண்டிய பல் 10 முதல் 12 வயதில்தான் வரும். அதற்குள் பின்னால் உள்ள 6 வயதுப் பல் முன்னே சாய்ந்து வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இடம் சுருங்குவது முதல் 6 மாதத்திலேயே அதிகம். 13 வயதில் "பல்லுக்கு இடமே இல்லை, நாலு பல்லைப் பிடுங்கித்தான் கிளிப் போட வேண்டும்" என்ற நிலைக்கு வரும் பிள்ளைகளில் சிலருடைய கதை இங்கேதான் தொடங்குகிறது. ஆகவே பால்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து காப்பாற்றச் சொன்னால் அதை வீண்செலவு என்று நினைக்காதீர்கள். பிடுங்கித்தான் ஆக வேண்டுமென்றால், அந்த இடம் சுருங்காமல் காக்கும் ஸ்பேஸ் மெயின்டெய்னர் போடலாமா என்று அன்றைக்கே கேளுங்கள். பக்கத்துப் பல்லில் ஒரு வளையம், அதிலிருந்து காலி இடத்தின் குறுக்கே ஒரு கம்பி, அவ்வளவுதான். சிமென்ட் இளகி வளையம் ஆடினால் அடியில் உணவு தங்கி அந்தப் பல்லும் சொத்தையாகும் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். புதுப்பல் தலைகாட்டியதும் கழற்றிவிட வேண்டும்.

காத்திருக்கலாம் என்று சொல்லக்கூடியவையும் நிறைய உண்டு. 8, 9 வயதில் மேல் முன்பற்கள் நடுவே சந்து விழுந்து விசிறிபோல் விரிந்திருக்கும். 2 மி.மீ. வரையான சந்து, கோரைப்பல் இறங்கும்போது பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். கீழ் முன்பல் பால்பல்லுக்குப் பின்னால் இரண்டாம் வரிசையாக முளைத்தாலும் பதற வேண்டாம். பால்பல் ஆடி விழுந்ததும் நாக்கே புதுப்பல்லை முன்னே தள்ளிவிடும். பால்பல் ஆடாமல் கெட்டியாக நின்றால் மட்டும் எடுக்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவை சில. வாயை மூடும்போது மேல் முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய் மாட்டினால், கீழ்ப்பல்லின் ஈறு இறங்கும், பல் தேயும். மேல் கடைவாய்ப்பற்கள் ஒரு பக்கம் கீழ்ப்பற்களுக்கு உள்ளே மாறிக் கடித்து, மூடும்போது மோவாய் ஒருபுறம் ஒதுங்கினால், முகமும் கோணலாக வளர வாய்ப்புண்டு. இதற்கு மேல்தாடையை விரிக்கும் கருவி இருக்கிறது. அண்ணத்தின் நடுவே உள்ள திருகை, கொடுத்த சாவியால் வீட்டிலேயே, மருத்துவர் சொன்ன கணக்கில் நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ திருப்ப வேண்டும். ஒரு திருப்புக்குப் பொதுவாகக் கால் மில்லிமீட்டர். சில நாளில் முன்பற்கள் நடுவே சந்து விழுவதைப் பார்த்துப் பல பெற்றோர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். எலும்பு விரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், பிறகு மூடிவிடும். விரித்து முடிந்த கையோடு கழற்றினாலும் பழையபடி சுருங்கும். புது எலும்பு நிரம்ப 3 முதல் 6 மாதம் வாயிலேயே இருக்க வேண்டும். அண்ணத்தின் நடு இணைப்பு 15, 16 வயதை ஒட்டி இறுகத் தொடங்கிவிடும். அதன்பின் இந்தச் சாதாரணக் கருவி பெரும்பாலும் போதாது.

மேல்தாடை பின்தங்கி, கீழ்தாடை முன்னே நிற்கும் பிள்ளைகளுக்கு மேல்தாடையை முன்னே இழுக்கும், முகக்கவசம் போன்ற கருவி 10 வயதுக்குள் போட்டால் பலன் அதிகம். நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம், பெரும்பாலும் தூக்கத்தோடு சேர்த்து அணிய வேண்டும். கீழ்தாடை பின்தங்கியவர்களுக்கு இதற்கு நேர்மாறு: அவசரப்படுவதில் லாபம் குறைவு. உயரம் கிடுகிடுவென்று கூடும் பருவத்தில் கருவி போட வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு அது 10 முதல் 12 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகளுக்கு ஓரிரு வருடம் தள்ளியும் வரும். அக்காவுக்குப் போட்ட வயதிலேயே தம்பிக்கும் போட வேண்டும் என்பது தப்புக்கணக்கு. மேல் முன்பல் மிகவும் தூக்கிக்கொண்டு, உதடு மூடாமல் இருந்தால் மட்டும் முன்கூட்டியே உள்ளே கொண்டுவருவது நல்லது. விழுந்தால் முதலில் உடைவது அந்தப் பல்தான்.

கோரைப்பல்லுக்கு வருவோம். 10 வயதில் பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கி, பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈற்றில் விரலை ஓட்டிப் பாருங்கள். இருபுறமும் மேடாகத் தட்டுப்பட வேண்டும். ஒருபுறம் தட்டுப்பட்டு மறுபுறம் இல்லையென்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நிரந்தரக் கோரைப்பல் அண்ணத்துப் பக்கம் திசைமாறிப் போவதை அப்போதே கண்டால், பால் கோரைப்பல்லை எடுப்பதாலேயே பல பிள்ளைகளுக்கு அது வழிக்கு வந்துவிடும். 15 வயதில் கண்டுபிடித்தால் ஈற்றைத் திறந்து, பல்லில் சங்கிலி ஒட்டி, மாதக்கணக்கில் இழுக்க வேண்டும். அதேபோல் ஒரு பக்கத்து முன்பல் முளைத்து 6 மாதமாகியும் ஜோடிப் பல் வரவில்லையென்றால், உள்ளே ஒரு உபரிப் பல் வழிமறித்துக் கிடக்கலாம்.

சீக்கிரம் பார்க்கச் சொல்வதால் சீக்கிரம் கிளிப் மாட்டச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதாரணக் கோணலுக்காக 8 வயதில் வாய் முழுக்கக் கம்பி கட்டுவதை நான் ஏற்கவில்லை. பாதிப் பற்கள் முளைக்கவே இல்லை. அவை வரும்போது மீண்டும் தொடங்க வேண்டும். நாலைந்து வருடம் கம்பியோடு கிடந்தால் துலக்கச் சலித்து, பல்லில் வெள்ளைத் தழும்புகள் விழும். முழுக் கிளிப்புக்குப் பெரும்பாலோருக்கு 11 முதல் 13 வயது பொருத்தம். ஒன்றரை முதல் 2 வருடம், 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை கம்பி மாற்றம், அதன்பின் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்கும் ரிடெய்னர்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் விடுதிப் பள்ளிகளுக்கு 9ஆம் வகுப்பிலோ 11ஆம் வகுப்பிலோ பிள்ளையை அனுப்புகிறோம். கிளிப் போட்டுவிட்டு விடுதிக்கு அனுப்பினால் மாதாந்திர வருகை தவறும். பல்லில் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் பிராக்கெட் உரிந்து 3 மாதம் தொங்கும். போகக்கூடாத திசைக்குப் பல் போய்விடும். விடுதிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் 6ஆம் வகுப்பிலேயே கேட்டு, அதற்குள் முடிக்கப் பாருங்கள். முடியாதென்றால் பிளஸ் டூ முடியும்வரை தள்ளிப்போடுவது பாதியில் தவிப்பதைவிட மேல். தாடை வளர்ச்சிதான் வயதுக்குக் கட்டுப்பட்டது. பல்லை 20 வயதிலும் நகர்த்தலாம்.

சேலம், தருமபுரி வட்டாரத்தில் ஃப்ளோரைடு அதிகமுள்ள போர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். அந்தப் பல்லில் பிராக்கெட் எளிதில் ஒட்டாது, அடிக்கடி உரியும். இதை முன்கூட்டியே பேசிக்கொண்டால் மருத்துவர்மேல் வீண் வருத்தம் வராது. சாப்பாட்டில் சந்தகை, அரிசிம்பருப்பு, களி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். கரும்பு, கடலை மிட்டாய், முறுக்கு, தேங்காய்ப் பத்தை ஆகாது. கொய்யாவைக் கத்தியால் சிறிதாக நறுக்கித் தரலாம்.

சிகிச்சை தொடங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: இது ஒரே கட்டமா, இரண்டு கட்டமா? ரிடெய்னர் இந்தக் கட்டணத்தில் சேர்ந்ததா? பார்ப்பவர் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்னும் முதுநிலைப் பட்டம் முடித்தவரா? கட்டணம் தாங்காதவர்கள் சேலம், திருச்செங்கோடு, கோவைப் பகுதிகளில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். நேரம் கூடுதலாகும், செலவு பெரும்பாலும் குறையும்.

அந்த 6 வயதுக் கடைவாய்ப்பல் எங்கே முளைக்கும் என்று ஒரு படத்தோடு, அதே கேள்வி-பதில் பகுதியில் விளக்கம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் வந்தால், 1ஆம் வகுப்பில் சேரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு உதவும்.

இப்படிக்கு,
பல் சீரமைப்பு மருத்துவர்,
ஈரோடு.