படத்தின் மூலையில் வோக்கர்

மகன்,

நீ அனுப்பிய படத்தை அம்மா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நம்மட குத்துவிளக்கை விடப் பளபளக்குதே" என்றாள். சுட்டு முடிந்த பிறகு, திரும்ப வெடிமருந்து அடைக்கவென்று நீ மினுக்கி வைத்திருக்கிற அந்தப் பித்தளை ரவைக் கோதுகள் என் கண்ணுக்குப் படவில்லை. கோதுகளை உருட்டி மினுக்குகிற அந்த மெசினுக்குப் பின்னால், மூலையில், சின்னவளின் வோக்கர் நிற்கிறது. மூன்று இரவாக எனக்குச் சரியான நித்திரை இல்லை.

துவக்குச் சுடுவது அங்கே விளையாட்டு என்கிறாய். சரி. லைசென்ஸ் இருக்கிறது என்கிறாய். அதுவும் சரி. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மெசினில் வால்நட் கோதுப் பொடி போடுகிறாயோ, சோளன் பொத்திப் பொடி போடுகிறாயோ, இரண்டும் உலர்ந்த பொடிதான். கோதின் அடியில் மருந்தைப் பற்றவைக்கிற ப்ரைமர் வெடிக்கும்போது அதிலுள்ள ஈயம் கோதுக்குள்ளே படிந்துவிடும். மணித்தியாலக் கணக்கில் உருட்டினால் அது பொடியில் சேரும். மூடியைத் திறந்து அரிக்கிற நேரம் தூசியாகக் கிளம்பும். அந்த நிலத்தில்தான் பத்து மாதப் பிள்ளை தவழ்கிறாள், கையை வாயில் வைக்கிறாள். பிள்ளைகளின் மூளைக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது.

மெசினை வீட்டுக்கு வெளியே எடு. உலர் முறையை விட்டுவிட்டு, தண்ணீரும் கொஞ்சம் சித்திரிக்கமிலமும் ஸ்டெயின்லெஸ் ஊசிகளும் போட்டு உருட்டு. ஈரத்தில் தூசி எழும்பாது. ஆனால் அமிலத்தில் கூடுதல் நேரம் விடாதே. விளக்கை இரவு முழுக்கப் புளியில் ஊறப்போட்டு அம்மா எடுத்தபோது செம்பு நிறமாக வந்ததே, நினைவிருக்கா? பித்தளையிலுள்ள நாகம், அதுதான் துத்தநாகம், கரைந்து போய்விடும். நூற்றுக்கு 70 செம்பு, 30 நாகம், அதுதான் கோதின் பலம். அமோனியா கலந்த பொலிஷ் தொடவே தொடாதே. இந்தியாவில் வெள்ளைக்காரன் குதிரை லாயத்தில் வைத்த ரவைகளின் கோதுகள் மழைக்காலத்தில் தானாகக் கீறி வெடிப்பு விட்ட கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேன். மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாதான் காரணம் என்று 1921இல்தான் விளங்கியது. அப்படி வெடிப்பு விட்ட கோதில் திரும்ப மருந்து அடைத்து, அதை முகத்துக்குக் கிட்டப் பிடித்துச் சுட்டால்? மேலே எழுத எனக்குக் கை வரவில்லை.

உயர்தரத்தில் இரசாயனவியலில் ஏ எடுத்த பிள்ளை நீ. பள்ளிக்கூடம் முழுக்க அந்தப் பேச்சுத்தான். உனக்கு இதையெல்லாம் நான் எழுத வேண்டுமா? வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவு. உடுப்பை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கு. டொக்டரிடம் சொல்லி அவளின் இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லு, உன்னுடையதையும் பார். கை கழுவு, மனே.

மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குப் போய் வந்ததை எழுதத்தான் இருந்தேன். மனம் அதில் நிற்கவில்லை.

மட்டக்களப்பில் சண்டை ஓய்ந்து 2007இல் படுவான்கரைக்குத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. நீ வயலிலிருந்து களிசான் பொக்கற் நிறையக் கோது கொண்டு வந்தாய். பூவரசங் கம்பால் அடித்தேன். வயலுக்குள் என்ன புதைந்து கிடக்கிறதோ என்ற பயம். அந்த அடி உனக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு நடந்ததை நாம் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. இரண்டாம் முறை நீ கொண்டு வந்தபோது நான் அடிக்கவில்லை. பழைய பித்தளை வாங்குகிறவன் துப்புரவானதற்குக் காசு கூட்டிக் கொடுப்பான் என்று கேள்விப்பட்டிருந்தேன். கிணற்றடியில் உன்னை இருத்தி, புளியும் சாம்பலும் தந்து, தும்பால் எப்படித் தேய்ப்பது என்று காட்டினேன். ஈர்க்கை உள்ளே விட்டுக் கறுப்பை எடுக்கவும் நான்தான் காட்டினேன். நீ தேய்த்தாய், நான் எண்ணினேன். மூன்றாம் முறை நீ வயலுக்குப் போனபோது, எவ்வளவு கொண்டு வருவாய் என்று படலையடியில் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஈயம் என்ன செய்யும் என்று பகலில் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தவன் நான். உனக்குப் பத்து வயது. விரலெல்லாம் கறுத்துப்போய் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வந்து இருப்பாய். கை கழுவு என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை.

வோக்கரை மேல் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஒரு படம் அனுப்பு.

அப்பா