மாநிலப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

வணக்கம். குறுவட்டம், வருவாய் மாவட்டம் என்று கீழ்நிலைப் போட்டிகள் எல்லாம் தாண்டி நம் பிள்ளைகள் ஆறு பேர் மாநில அளவிலான குடியரசு தினத் தடகளப் போட்டிக்குப் போகிறார்கள். நினைக்கவே நெஞ்சு நிறைகிறது.

வெள்ளி இரவு 8 மணிக்குப் பள்ளி வாசலில் வேன். தகுதிப் படிவம், பிறப்புச் சான்றிதழ் நகல், ஆதார் மூன்றையும் வியாழனே என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

ஓட்டத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்னால் ஒருமுறை கிளம்பினாலே வெளியேற்றம்தான். 2010 முதல் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. போன வருடம் நம் பிள்ளை ஒருத்தி அப்படித்தான் வெளியே வந்தாள். ஸ்பைக்ஸை (ஓட்டத்துக்கான ஆணி ஷூ) கையில் பிடித்தபடி கம்பி வேலி ஓரம் வெகுநேரம் நின்றாள், யாரிடமும் பேசவில்லை. இந்த முறை அவளே மறுபடியும் 100 மீட்டர் ஓடுகிறாள். அதனால் தயவுசெய்து "மெடலோடு வா" என்று சொல்லி அனுப்பாதீர்கள். "நல்லாத் தூங்கு, சத்தம் கேட்டதும் ஓடு" என்றால் போதும்.

நீளம் தாண்டுபவர்களுக்கு முதல் மூன்று தாண்டல்தான் உயிர். முதல் எட்டுப் பேருக்குள் வந்தால்தான் மேலும் மூன்று கிடைக்கும்.

புது ஷூ வேண்டாம், கடிக்கும், பழகியதே போதும். அப்புறம், வழிக்கு எண்ணெய்ப் பலகாரம் கட்டித் தராதீர்கள். இட்லியும் வாழைப்பழமும் சரி.